இடப்பக்கப் பிடி

கனடாவில் பனியாற்றில் ஸ்டீல்ஹெட் இழுத்த றீல்.
மரியநேசன் அத்தான் பெட்டிக்குள் துண்டும் வைத்திருந்தார்:
"நீ இடக்கைக்காரி எல்லோ,
பிடி இடப்பக்கம் இருக்கிறதாப் பாத்து எடுத்தனான்."

அத்தான்,
இடக்கையால் எறிகிறவளுக்கு
தடி இடக்கையில்.
சுற்றுவது மற்றக் கை.

எண்டாலும் ஒரு பின்னேரம்
பண்ணைப் பாலத்தில் எறிந்து பார்த்தேன்.
எதிரே சோளகம்.
ஈயம் காற்றில் தயங்கியது,
உருளை தயங்கவில்லை.
தங்கூசி குருவிக்கூடாய்ப் பொங்க
வேலணைப் பக்கம் வெயில் இறங்குமட்டும்
பல்லால் சிக்கெடுத்தேன்.
சோடாப் போத்தலில் நூல் சுற்றிய பெடியன்
அதற்குள் மூன்று ஓரா பிடித்துவிட்டான்.

கஸ்தூரியார் வீதிக் கடையில்
எட்வின் கண்ணாடி அலுமாரியைத் திறந்தான்.
"காத்துக்குள்ள எறிய ஸ்பின்னிங்தான் சரி.
உருளை சுத்தாது, நூல்தான் கழரும்.
உப்புக்கு எல்லாம் ஒண்டு, கழுவாட்டிச் செத்திடும்."
சீனச் சாமான். நாலாயிரத்து எண்ணூறு.
கேட்காமலே பிடியைக் கழற்றி
வலப்பக்கம் பூட்டித் தந்தான்,
இரண்டே திருகு.

பென்சிலைக் கை மாற்றச் சொல்லி
சிஸ்டர் அடிமட்டத்தால் தட்டிய மொளி
இப்பவும் குளிருக்கு உளையும்.
எனக்காக ஒரு பொருள் பக்கம் மாறியது
இதுதான் முதல்தரம்.

சனிக்கிழமை ஒரு பாரை.
பிரேக் கிறீச்சிட்டு நூலை விட்டது, விட்டது,
பிறகு தந்தது.

படமெடுத்து அத்தானுக்கு அனுப்பினேன்.
பாரைக்குப் பக்கத்தில் அவருடைய றீல்.
பொய்யென்று சொல்லேலாது.
பக்கத்தில்தான் இருந்தது.