கூட்டியோ கழித்தோ

வெளியே மைனஸ் இருபத்து நான்கு.
பேருந்து நிறுத்தத்தில் அவரவர் மூச்சு
அவரவர் முன்னால் வெள்ளையாய் நிற்கிறது.
எங்கள் உறைகலத்தைக் கேட்டால்
இதைக் கோடை என்று சொல்லும்.

எஸ்போவில் ஒரு நிலவறை.
உத்தரத்திலிருந்து தொங்கும் தங்கமுலாம் தட்டுகள்,
தட்டுக்குத் தட்டு வடியும் வெப்பம்,
ஆகக் கீழே நகத்தளவு சில்லு.
அதில் ஐம்பத்து நான்கு க்யூபிட்.
ஐம்பத்து மூன்று என்பதே சரி:
பதினேழாவது
நேற்றிரவிலிருந்து எதையும் நினைவில் வைப்பதில்லை.

யால்மரி பம்பின்மேல் உள்ளங்கை வைத்துப் பார்க்கிறான்,
காய்ச்சல் பார்ப்பவனைப் போல.
பம்ப் இல்லை.
லிஃப்ட் இல்லை. மெட்ரோவும் இல்லை.
மாடியில் காபி இயந்திரத்தை அரைமணி அணைத்துப் பார்த்தோம்;
சட்டப்பிரிவு மட்டும் நிலைகுலைந்தது.

வியாழக்கிழமை முதலீட்டாளர்கள் வருகிறார்கள்.
ஹென்னா மடிக்கணினியோடு படியிறங்கி வந்தாள்.
என் வரைபடத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும்
மேலும் கீழும் நீண்டிருந்த பிழைக்கோடுகளை
“பூச்சிக்கால் மாதிரி இருந்தது, எடுத்துட்டேன்” என்றாள்.
நல்லவள். போன மாதம் என் வாடகைக்குக்
கடன் கொடுத்தவள்.
கால் போன புள்ளிகள்
பொய்ச்சாட்சி சொல்ல வந்தவர்கள் மாதிரி
அசையாமல் நின்றன.

அவள் போனபின் யால்மரியிடம் சொன்னேன்:
தவறுவதற்கும் உயிரோடிருப்பதற்கும்
என் மொழியில் ஒரே சொல். பிழைப்பது.
பிழை திருத்தித்தான் நான் பிழைக்கிறேன்.
சிரிப்பான் என்று நினைத்தேன்.

“ஏரிமேல் நடக்கிறவனுக்கு
அவை இரண்டாகவே இருக்கட்டும்” என்றான்.
மீன்பிடிக்கப் போகும்போது
பத்தடிக்கு ஒருமுறை துளைபோட்டு அளப்பானாம்.
பனி பத்து சென்டிமீட்டர்,
கூட்டியோ கழித்தோ இரண்டு.
“அந்த இரண்டில்தான் என் மச்சான் போனான்.”
பிறகு ஸ்பேனரைத் தேடினான்.
அது அவன் பையிலேயே இருந்தது.

நள்ளிரவு தாண்டி
கோடுகளைத் திரும்பப் போட்டேன், ஒவ்வொன்றாய்,
ஆக நீளமானதை முதலில்.
ஹென்னாவுக்கு அனுப்பினேன்.
பதில் இல்லை. தூங்கியிருப்பாள்,
அல்லது தூங்காமல் படித்திருப்பாள்.

நாலு மணி ஏழு நிமிடத்துக்குப்
பதினேழாவது திரும்பி வந்தது.
யாரும் எதையும் தொடவில்லை.
நாற்பது மைக்ரோநொடி தாக்குப்பிடித்தது,
மறுபடி அளந்தேன், நாற்பத்தொன்று.
குறிப்பேட்டில் நேரம் எழுதி
காரணம் என்ற கட்டத்தில்
“தெரியவில்லை” என்று எழுதினேன்.
கையெழுத்து கொஞ்சம் நடுங்கியிருந்தது,
குளிரால் என்று சொல்லமுடியாது.
அறைக்குள் இருபத்தொரு டிகிரி.