ஸ்பெயினுக்கும் சூடானுக்கும் நடுவில்

உங்கள் நாட்டைத் தெரிவுசெய்க என்றது.
விரலால் இழுத்துக்கொண்டு கீழே போனேன்.
ஸ்பெயின்.
அடுத்தது சூடான்.
மேலே போய்த் திரும்பவும் வந்தேன்,
கண்ணாடியைத் துடைத்துவிட்டு வந்தேன்.
ஸ்பெயினுக்கும் சூடானுக்கும் நடுவில்
மெல்லிய சாம்பல் கோடு ஒன்று கிடந்தது.
அந்தக் கோட்டுக்குள்
நான், நஜாத், இரண்டு ஃபைபர் படகு,
தவணை முடியாத நாற்பது குதிரை எஞ்சின்,
உள்துறைமுகம் முழுவதும்.

காசு வாங்கும் பக்கத்தோடு
அந்தச் செயலியையும் மூடினேன்.

அதற்கு முந்தின கிழமை பார்த்தது
இலவசம் என்று கூப்பிட்டது.
இரண்டு இரவு இருந்து கட்டி முடித்தால்
எங்கள் பெயருக்கு மேலே அதன் பெயர்,
மூன்று மடங்கு எழுத்தில்.
ஓசிக் கூரைக்குப் பெயர்ப்பலகையை
வீட்டுக்காரன்தான் மாட்டுவான்.

இன்னொன்றில் நானூறு மாதிரிகள்.
பனிமலை, மரப்பாலம்,
கம்பளிச்சட்டையில் ஒரு தம்பதி,
உப்பே படாத நீலம்.
திமிங்கிலம் என்று தேடினேன்,
பிள்ளைகளின் தலையணை வந்தது, சிரித்துக்கொண்டு.
எங்களுடையது சிரிக்காது.
சுவாமி மலைக்கு வெளியே
கடல் சட்டென்று அடியில்லாமல் போகும் இடத்தில்
ஒருக்கால் மூச்சு விடும்,
பிறகு பன்னிரண்டு நிமிடம்
எங்களை எண்ண வைக்கும்.

தமிழ் தெரியும் என்ற ஒன்றும் இருந்தது.
திருகோணமலை என்று தட்டினேன்.
கோவின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்,
நடுவில் க மட்டும்
சந்தையில் கை தவறிய பிள்ளையைப் போல.

கொழும்பில் ஒருவரைப் பிடித்தேன்.
‘தொண்ணூறாயிரம் அக்கா, ஒருக்காச் செய்தால் கவலையில்லை.’
விலையை மாற்றுவதென்றால்?
‘எனக்கொரு மெசேஜ் போடுங்கோ.’
எண்ணெய் விலை நடுச்சாமத்தில் ஏறும்.
அவர் பத்து மணிக்கு எழும்புவார்.

வருடத்துக்குக் கட்டினால் கழிவு என்கிறார்கள் எல்லாரும்.
கார்த்திகையில் வாடை எழும்பினால்
மாசி வரைக்கும் படகைக் கவிழ்த்து வைப்போம்.
கவிழ்த்த படகுக்கு
டொலரில் வாடகை கட்டச் சொல்கிறது அந்தக் கழிவு.

கடைசியில் எடுத்தது வடிவில்லாத ஒன்று.
இரண்டே நிறம், ஐந்து பக்கம்.
ஆனால் நான்கு மாதம் உறங்க விடும்.
விட்டுப் போகும் நாளில்
படங்களையும் எழுத்தையும் மூட்டை கட்டித் தரும் என்று
அடியில், பொடி எழுத்தில், எழுதியிருக்கிறது.
பொடி எழுத்து என் பக்கம் பேசியதை
அன்றைக்குத்தான் முதன்முதல் கண்டேன்.

அட்டை வேண்டாம், காசைக் கரையில் வாங்கலாம்.
நஜாத்துக்கு இணைப்பை அனுப்பினேன்.
அவன் டச்சுக் குடாவில், படகுக்குள்,
விளிம்பு உடைந்த போனில்
ஒற்றைக் கோடு சிக்னலோடு நின்றான்.
பதினொரு விநாடியில் திறந்தது.
பன்னிரண்டு நிமிடத்துக்குப் பழகியவர்களுக்கு
இது ஒரு காத்திருப்பா?

முகப்பில் தங்க முத்திரை ஒன்று தானாக வந்திருந்தது:
திமிங்கிலம் நூறு வீதம் நிச்சயம்.
அழித்தேன்.
வரலாம், என்று எழுதினேன்.
அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம்
அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
விற்குமா என்று தெரியவில்லை.

வரைபடத்தில் கடையைக் குறிக்கச் சொன்னது.
விரல் தடித்தது, ஊசி கடலில் விழுந்தது,
கரையிலிருந்து நாலு மைல் வெளியே.
இழுத்து எடுக்கப் போனவள்
விட்டுவிட்டேன்.
வேலை நடப்பது அங்கேதானே.

போன் அடித்தது. நஜாத்.
‘எல்லாம் சரி அக்கா,
எங்கட நம்பரிலதான்
ஒரு ஏழு குறையுது.’