இருப்பதாகச் சொல்லப்படுகிறது

நானூற்று எண்பது மூட்டை. மூட்டைக்கு ஐம்பது கிலோ.
உள்ளே கறுப்பு உளுந்து. இந்த ஊர்ப் பேச்சில் மப்பே.
"இருப்பதாகச் சொல்லப்படுகிறது" என்று
சரக்குச் சீட்டில் அடிக்கிறேன்.
கப்பல்காரன் திறந்து பார்ப்பதில்லை.
நானும்தான். பதினோரு வருஷமாக
யங்கோனில், பான்சோடான் தெருவில், மூன்றாம் மாடியில்
பார்க்காத பொருளுக்கெல்லாம் சாட்சி சொல்லிச்
சம்பளம் வாங்குகிறேன்.

அடுத்த வரி: "வெளிப்பார்வைக்கு நல்ல நிலையில்."
காலையில் கண்ணாடி முன் தனக்கா பூசும்போது
இதை எனக்கும் சொல்லிக்கொள்வதுண்டு.

இது இரண்டாம் முறை அடிக்கும் சீட்டு.
ஆவுடையப்பன் பேரில் ஒரு எழுத்து குறைந்ததென்று
வங்கி திருப்பிவிட்டது.
ஒரு எழுத்துக்குப் பின்னால்
இருபத்துநாலு டன் நிற்கிறது.

இரண்டு ஐந்துக்கு மின்சாரம் போனது.
கோ ஜோ லின் ஜெனரேட்டர் கயிற்றை இழுத்தான்,
இழுத்தான், அதனிடம் கெஞ்சினான்,
பிறகு அதன் தாயைப் பற்றிப் பேசினான்.
பிரிண்டர் பாதித் தாளைக் கடித்தபடி நின்றது.
சீட்டு இங்கிலீஷில்தான்; ஆனால்
எனக்குள் அது தமிழில் நின்றது:
தூத்துக்

குடி வர நாற்பது நிமிஷம் ஆயிற்று.

அதற்குள் அண்ணாச்சி இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டார்.
"எம்மா, பேப்பரு கெளம்பிட்டா?
கப்பலு கிள்ளான்ல கெடக்குன்னு சொல்லுதாங்க.
வெல எறங்குது பாத்துக்க.
மாதிரி ஒரு அரைக் கிலோ சேத்து அனுப்பு."

காகிதம் பறக்கும், உளுந்து மிதக்கும். தொழில் இவ்வளவுதான்.
நாலே நாளில் காகிதம் வங்கி மேசையில் உட்கார்ந்து
இன்னும் வராததற்குச் சொந்தம் கொண்டாடும்.
அந்த அரைக் கிலோ வானத்தில் போகிற கூலிக்குக்
கீழே ஒரு மூட்டையே வாங்கலாம்.

நிறுத்தேன். தராசுத் தட்டில் ஒரு வண்டு நடந்தது.
மருந்தடித்த சான்றிதழின்படி அது
பன்னிரண்டாம் தேதியே செத்தாயிற்று.
சான்றிதழைப் பார்த்தேன், வண்டைப் பார்த்தேன்.
வண்டை எடுத்து ஜன்னல் கட்டையில் விட்டேன்.

அசல் மூன்று. மூன்றிலும் கையெழுத்து, முத்திரை.
"ஒன்று நிறைவேறினால் மற்றவை செல்லாது."
அப்பாவோடு பிறந்தவர்களைச் சேர்த்து மூன்று பேர்.
அறுபத்துநாலில் ஒருவர் மதராஸ் கப்பலில் ஏறினார்.
ஒருவர் பெகுவில் டயர்க் கடை வைத்து, அங்கேயே செத்தார்.
அப்பா இங்கேயே இருந்து
அடையாள அட்டையில் யாரோ தப்பாய் எழுதிய இனத்தை
முப்பது வருஷம் திருத்தச் சொல்லிக்கொண்டிருந்தார்.
யார் நிறைவேறினார், யார் செல்லாமல் போனார்?
கேட்க ஒரு கவுன்ட்டர் கிடையாது.

கூரியர்காரன் நாலரைக்குச் சாத்திவிடுவான். மழை வேறு.
உறையைப் பிளாஸ்டிக்கில் சுற்றி, ரவிக்கைக்குள் செருகி,
முழங்கால் தண்ணீரில் தமெய்னைத் தூக்கிப் பிடித்து ஓடினேன்.
நாலு இருபத்தெட்டு.
"உள்ளே என்ன?" என்றான்.
தாள் என்றேன். கொஞ்சம் உளுந்து.
அவனும் திறந்து பார்க்கவில்லை.

பத்தொன்பது நாள் கழித்து அண்ணாச்சி
போனில் ஒரு படம் அனுப்பினார்.
கன்டெய்னர் கதவு விரியத் திறந்திருக்கிறது.
வெயில். ஒரு கிழிந்த சாக்கு,
அதில் பர்மிய எழுத்து தலைகீழாக.
சுமைக்காரரின் செருப்பைச் சுற்றிக் கறுப்பாய்ச் சிந்தி,
விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன்,
உளுந்து.
இருந்திருக்கிறது.

ஜோ லினைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
சும்மா, எதற்கென்று தெரியாமல்.
அதற்குள் படத்துக்குக் கீழே அடுத்த செய்தி:

"எம்மா, நானூத்தி எழுவத்தொம்பதுதான் இருக்கு."