அடித்த வரி

ஆற்றில் தண்ணீர் இல்லாத பங்குனியில்தான்
தரங்கம்பாடிக்கு வெளியே கடல் தெளியும்.
ஏழு பாகத்தில் பார்.
நங்கூரம் இறக்கிய நாகமுத்து
“அரை மணிதான், சோழகம் எழும்புது” என்கிறார்.

பலகையில் பென்சிலால் எழுதுகிறேன்.
கருநீலம், வெள்ளை வளையங்கள், விரல் நீளம்: ஒன்று.
மஞ்சள் வரிகள், கண்ணை மறைத்துக் கறுப்புப் பட்டை,
ஒன்றரைச் சாண்: இன்னொன்று.
போன வருஷமும் இப்படித்தான்,
இரண்டு பெயர்.

பூவரசஞ் சருகு என்று ஒதுக்கியது
திரும்பி என்னைப் பார்த்தது.
அதைக் கணக்கில் சேர்ப்பதற்குள்
கொஞ்சம் காற்று வீணாயிற்று.

பிறகு பாரின் இடுக்கில்
உள்ளங்கை அகலத்தில் ஒன்று.
வால்பக்கம் வளையம் இன்னும் அழியவில்லை.
நடுவில் அது நெகிழ்ந்து, கோணி,
மஞ்சளாக ஓடத் தொடங்கியிருக்கிறது.
பாதியில் நிறுத்திய கையெழுத்துப் போல
முகமூடிக்கு எதிரே நின்றது.

பெரியது தன் நிறத்தைத்தான் துரத்துமாம்.
அதன் எல்லைக்குள்ளேயே
வளையம் போட்டுக்கொண்டு மேய்ந்திருக்கிறது
அதன் இனத்துக் குஞ்சு.

மேலே வந்து ஒரு வரியை அடித்தேன்.
“ஒண்ணு செத்துப்போச்சா?”
நாகமுத்து எட்டிப் பார்க்கிறார்.
மூக்கெல்லாம் உப்புத்தண்ணீர்.
“இல்லண்ணே,
கணக்குலதான் குறையுது.”