கொக்கி என்றால்

மோல்மேன் துறைமுகத்தில் எடைக்கு வாங்கியது,
ஜப்பானில் கழித்துக்கட்டிய கணினி.
உள்ளே யாரோ மறந்துவிட்ட ஒரு போர்:
பதினேழு நாடுகள், நான்கு பருவம்,
திரை முழுக்க ஜப்பான் எழுத்து.
கையேடு கிடையாது.
கரண்ட் இரவு பதினொன்றுக்கு வரும்
மூன்றுக்குப் போகும்.

நானும் சந்தனமேரியும்
எழுத்துகளுக்குப் பேர் வைத்தோம்.
கால் முளைத்த பெட்டி.
ஏணி சாய்ந்த வீடு.
சீப்பு. மழை. கொக்கி.

பெட்டியை அழுத்தினால் பொன் ஏறியது.
அழுத்தினோம் அழுத்தினோம்
மூன்றாம் பருவத்தில் களஞ்சியம் எரிந்தது.
கொளுத்தியவர்கள் எங்கள் குடிகள்.
பெட்டி என்றால் வரி.

சீப்பு, வயல். இது சுலபம்.
மழைதான் ஏழு மாதம் இழுத்தது:
மழையை அழுத்திய மறுநாள்
பக்கத்து நாட்டில் ஒரு தளபதி சாவான்.
ஒற்றன் என்று எழுதிக்கொண்டோம்.

அதுவரை ஒவ்வொரு ராஜ்ஜியமும்
விடியற்காலை மூன்று மணிக்குச் செத்தது.
மின்விசிறி ஓய்கிற சத்தம், இருட்டு,
மேரியின் கெட்ட வார்த்தை.
ஏணி சாய்ந்த வீடு என்றால் 'சேமி' என்று
எங்களுக்கு யார் சொல்வது?
கைதவறி முழங்கை பட்டுத் தெரிந்தது.

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
கொக்கி = சமாதானம் என்று எழுதி
அடித்து
கொக்கி = கலியாணம் என்று எழுதி
அதையும் அடித்து
கேள்விக்குறி போட்டாள் மேரி.
வருஷத்துக்கு ஒரு கொக்கி போட்டால்
வடக்கு ராஜா வருவதில்லை.
போதாதா?

பிறகு அவள் ரங்கூனில் ஜப்பான் பாஷை படித்து
கப்பல் போகும் தூரமெல்லாம் விமானத்தில் போய்
யாரோ பெற்றவர்களைக்
குளிப்பாட்டும் வேலையில் இருக்கிறாள்.

நேற்று பேசினாள்.
'கொக்கி என்னன்னு தெரிஞ்சிபோச்சுடி.'
சொல்லாதே என்றேன்.
அந்தப் பக்கம் சக்கர நாற்காலி உருளும் சத்தம்.
'மழையாவது சொல்லட்டுமா?'
'அது ஒற்றன்தானே?'
சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள்.
கார்டில் காசு தீர்ந்தது.

இன்றைக்குக் கரண்ட் அரைமணி தாமதம்.
வடக்கு ராஜா ஆற்றங்கரையில்
கூடாரம் அடித்திருக்கிறான்.
பத்து வருஷமாக
இந்தப் பருவத்தில் கொக்கிதான்.

விரலை எடுத்துவிட்டேன்.
வரட்டும், பார்க்கலாம்.
மணி இரண்டே கால்.