நான்கு விரற்கடை

படிவத்தில் ஒரு சொல்லை அடித்திருந்தார்.
'நிரந்தரமாக வேலை செய்ய இயலாதவர்' என்ற வரியில்
நிரந்தரமாக என்பதன்மேல் ஒரு கோடு.
கோடு நேராக இல்லை.
அப்போதே பேனா அவர் பேச்சைக் கேட்பதில்லை.
மூன்று மாதம் அந்தத் தாள்
குளிர்பெட்டியின் மேல், மின்கட்டண ரசீதுகளுக்கு அடியில் கிடந்தது.

மாதம் ஆயிரத்து நூற்று நாற்பது வெள்ளி.
இன்னும் பதினொரு வருடம்.
சுவா சூ காங்கில் பன்னிரண்டாம் மாடி.
சன்னலைத் திறந்தால்
தெங்கா தளத்துப் போர்விமானம் காதைக் கிழிக்கும்;
அவர் மட்டும் அதில் நன்றாகத் தூங்குவார்.

நான் விமான உணவுக் கூடத்தில் இரவு முறை.
தட்டுக்கு இரண்டு தக்காளித் துண்டு,
எண்ணி எண்ணி வைத்து
விடியும்போது கைக்கு வருவது
கடனுக்கும் கஞ்சிக்கும் சரி.
மருந்துக்கு இல்லை.

"காப்புறுதி இருக்கே அக்கா," என்றாள் இந்திரகுமாரி,
வீவக கிளையில் இருப்பவள்.
"வீட்டுக்கடன் முழுக்கத் தீர்ந்துவிடும்.
டாக்டர் எழுதித் தந்தால் போதும்."
என்ன எழுத வேண்டும் என்று அவள் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

புதுப் படிவத்தை நான் நிரப்பினேன்.
கட்டைவிரலை மட்டும் அவர் தந்தார்,
முகத்தைத் தொலைக்காட்சிப் பக்கம் வைத்துக்கொண்டு.

இருபத்தேழு ஆண்டு பொறியாளர் படையில்.
இரும்பு மிதவைகளை இழுத்துப் பூட்டி
அரை மணியில் ஆற்றுக்குப் பாலம் போட்டவர்.
கவச வண்டிகள் கடந்ததும்
அதையே கழற்றி லாரியில் ஏற்றிவிடுவார்களாம்.
"நாங்க வந்து போனது ஆத்துக்கே தெரியக்கூடாது" என்பார்,
அதில் ஒரு பெருமை.
இப்போது சட்டைப் பொத்தானை நான் பூட்டுகிறேன்.

பரிசோதனை நாளுக்கு வெள்ளைச் சட்டை கேட்டார்.
கைமடிப்பு கத்தி போல் இருக்க வேண்டும் என்றார்.
மருத்துவர் சீன இளைஞர், முப்பது இருக்கும்.
கோப்பைப் புரட்டினார். நிமிர்ந்தார்.
"என்சிக்" என்றார்.
வாரண்ட் அதிகாரியை அப்படி அழைத்து
தேசிய சேவையில் பழகிய நாக்கு.
அந்த ஒரு சொல்லுக்குச்
சக்கர நாற்காலியில் முதுகு நிமிர்ந்தது.

எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"வலது கையைத் தூக்குங்கள், என்சிக்.
முடிந்தவரை."

அவர் ஜெயிக்க வேண்டுமென்றே நேர்ந்துகொண்டவள் நான்.
ஒவ்வொரு தேர்வுக்கும், ஒவ்வொரு பட்டைக்கும்
டேங்க் ரோடு முருகனுக்குப் பால்குடம் தூக்கியவள்.
அன்றைக்கு மட்டும்
தூக்காதே, தூக்காதே என்று
பல்லுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.
ஒரு பெண்டாட்டி வேண்டுகிற வேண்டுதலா அது.

கழுத்து நரம்பு புடைத்தது.
கை நாற்காலிப் பிடியை விட்டு எழுந்தது.
ஒரு விரற்கடை. இரண்டு.
நான்கு.
அங்கேயே நின்று நடுங்கியது.
இன்னும் போகும் என்றது அவர் முகம்.
வியர்வை காதோரம் இறங்கிக்
கத்தி மடிப்பில் விழுந்தது.

"செனாங் திரி," என்றார் மருத்துவர், மெல்ல.
அணிவகுப்பில் இளைப்பாறச் சொல்லும் மலாய்க் கட்டளை.
கட்டளை என்பதால்
கை இறங்கியது.

பிறகு அவர் எழுதினார்.
படித்துக் காட்டவில்லை.
பேனாச் சத்தம் மட்டும் கேட்டது, வெகுநேரம்.

ஏழு வாரம் கழித்துக் கடிதம்.
நிலுவை: சுழியம்.
இனி இந்தச் சுவர், இந்தச் சன்னல், அந்த விமான இரைச்சல்
எல்லாம் எங்களுடையவை.
அவர் கண்ணுக்கு நேரே தாளைப் பிடித்தேன்.
வரைபடம் படிப்பவரைப் போல
மூலைக்கு மூலை பார்த்தார்.
எனக்கு மட்டுமே புரிகிற குழறலில் கேட்டார்:

"அந்தப் பையன் எந்த யூனிட்டாம்?"

தெரியாது என்றேன்.

"கேட்டிருக்கலாமே" என்றார்.