சீப்பு

தண்ணீர்க் குழாய் கேட்டிருந்தேன்.
அதையே மூன்று பேர் கேட்டதால்
சீட்டுக் குலுக்கினார்கள்.
எனக்குச் சீப்பு வந்தது.
வீட்டுக்கு வந்து சொன்னதும்
தீர்த்தகிரி சிரித்த சிரிப்பில்
தாளிப்பு கருகிவிட்டது.
அவருக்கு முன்தலை முழுக்க வழுக்கை.

பென்னாகரம் ரோட்டை ஒட்டி
புளியந்தோப்பை வெட்டிப் போட்ட மனை.
வளைவில் எழுதியிருக்கும்: ராயல் கார்டன்.
ஆறு தெரு. இருநூறு கேட்டுக்கு மேல்.
சாக்கடை எந்தத் தெருவிலும் முடிவதில்லை,
காலிமனைக்குள் போய்
யோசித்தபடி நிற்கும்.
ஒகேனக்கல் தண்ணீர் வரும் நாளை
எதிர்வீட்டுக் குடத்தின் ஓசையில் தெரிந்துகொள்வோம்.
அதற்கு முன்னால் எல்லாம் போர்த் தண்ணீர்தான்.
சிரித்தால் தெரியும்,
பல்லில் பழுப்புக் கோடு.

"சீப்புக்குப் போடுங்க சார்" என்றேன்.
இரண்டாவது தெரு வாத்தியார்
"எத்தனை பல்லும்மா உன் சீப்புக்கு?" என்று கேட்டார்,
வாயைப் பொத்திக்கொண்டு.
ஐந்தாவது தெருவில் பாதிப் பேருக்கு
ஓட்டு சொந்த ஊரில்.
வாழ்த்து மட்டும் இங்கே,
கூடவே ஒரு டம்ளர் மோர்.

பெண்களுக்கான வார்டு.
எதிரில் நின்றது ஜெயக்கொடி.
போஸ்டரில் ருத்ரமூர்த்தி ஆளுயரத்துக்குக் கும்பிட,
அவர் முழங்கைக்குக் கீழே
ஸ்டாம்பு அளவில் ஜெயக்கொடி.
ஆட்டோ மைக் அவள் பெயரைத்தான் கத்தும்,
ஆளைக் காணோம்.
வேட்புமனு நகலெடுக்க
என் கடைக்கே வந்தாள்.
ஒரு பக்கம் இரண்டு ரூபாய்.
சொத்து: நாலரைப் பவுன், ஒரு தையல் மெஷின்.
படிக்கக் கூடாதுதான்.
ஜெராக்ஸ் எடுப்பவள்
கண்ணை எங்கே கழற்றி வைப்பாள்?
"உங்களதும் இங்கதான் எடுத்தீங்களா?"
"ஆமா, காசு குடுக்காம."
சிரித்தபோது அவளும் வாயைப் பொத்தினாள்.

கடைசி இரவு
கரண்ட் போன அரை மணி நேரம்
நாய்கள் கேட் கேட்டாகக் குரைத்துக்கொண்டு போயின.
குரைப்பை வைத்தே கணக்குச் சொன்னார் தீர்த்தகிரி,
"நாலாவது தெரு முடிஞ்சுது."
எங்கள் கேட்டுக்குள்ளும் ஒரு கவர் விழுந்தது.
வேட்பாளர் வீடென்று தெரியாத பையன்,
அல்லது நன்றாகத் தெரிந்தவன்.
இரண்டு ஓட்டுக்கு எண்ணி வைத்திருந்தார்கள்.
மாமியார் ஓட்டை விட்டுவிட்டார்களாம்,
அவருக்கு விடியும்வரை ஆறவில்லை.

எண்ணி முடித்தபோது
தொண்ணூற்றொன்று.
டெபாசிட் திரும்பாது.
தொண்ணூற்றொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு
ஆறு தெருவையும் மனசுக்குள் நடந்தேன்,
இந்தக் கேட்டா, அந்தக் கேட்டா என்று.
வாத்தியார் போட்டிருப்பார்.
வாத்தியார் மனைவி மாட்டாள்.
மோர் கொடுத்தவளுக்கு ஓட்டே கிடையாது.

வெளியே வெடி.
மாலைகள் ருத்ரமூர்த்தி கழுத்தில் நிறைந்து
மிச்சம் ஒன்று அவளுக்கு வந்தது.
யாரோ வீசிய கலர்ப்பொடி வகிட்டில்,
சாமந்தி இதழ்கள் முடிக்குள்.
போட்டோவுக்கு ஆள் தேடினார்கள்.
அவள் கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு
கை கழுவும் பக்கம் வந்து
குழாயைத் திருகினாள்.
காற்று வந்தது.
"அக்கா, சீப்பு இருக்கா?"

இருந்தது.
பதினோரு நாள் தூக்கிக் காட்டிக் காட்டி
இரண்டு பல் போன சீப்பு.
சிக்கெடுத்தாள். இதழ்கள்
என் செருப்பின் மேல் உதிர்ந்தன.
கொண்டையை முடிந்தபடி
"ஆறாவது தெரு சாக்கடைக்கு
உங்க நோட்டீஸ்ல என்னமோ எழுதியிருந்தீங்களே,
அது எப்படி?" என்றாள்.
சொல்லத் தொடங்கினேன்,
எங்கே மேடு, எங்கே தாழ்வு,
எந்தக் கல்வெர்ட்டைத் தோண்ட வேண்டும்.
"ஏய் ஜெயா!" என்று ஒரு குரல்.
ஓடினாள்.

சீப்பைத் திருப்பித் தரவில்லை.